நீரிணையைவிட மூத்த தாய்வழி

ஜொகூர் நீரிணையைப் பெரும்பாலோர் பாலத்தின் மேலிருந்துதான் பார்த்திருப்பார்கள். 1924-இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தில் ஊர்ந்து நகரும் பேருந்திலிருந்து பார்த்தால் இருபக்கமும் சாம்பல் நிறத் தண்ணீர்; அவ்வளவுதான். அந்தத் தண்ணீரையே ஊராகக் கொண்டு வாழ்ந்த மக்கள் உண்டு. ஒராங் செலத்தார் என்று அவர்களுக்குப் பெயர். கண்டல் காட்டு ஓடைகளில் படகிலேயே குடும்பம் நடத்தி, மீனும் நண்டும் சிப்பியும் பிடித்துப் பிழைத்தவர்கள். சிங்கப்பூரின் வடகரையில் உள்ள செலத்தார் ஆற்றுக்கும் இவர்களுக்கும் ஒரே பெயர். சிங்கப்பூரில் அரசு நில அளவையாளராக இருந்த ஜே. டி. தாம்சன் 1847-இலேயே இவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இன்று இவர்கள் கரையேறிவிட்டார்கள். கேலாங் பாத்தா பக்கம் சிம்பாங் ஆராங், ஜொகூர் பாரு நகரை ஒட்டிச் சுங்கை தெமோன், பாகார் பத்து, கிழக்கே கோங் கோங் லாவுட் என்று நீரிணையின் மலேசியக் கரையெங்கும் இவர்களுடைய கிராமங்கள் சிதறிக் கிடக்கின்றன.

மனித இனம் ஆசியாவுக்குள் எப்படிப் பரவியது என்ற பெரிய கேள்வியில் இந்தச் சிறிய சமூகத்துக்கு ஓர் இடம் கிடைத்தது 2012-இல். ‘மாலிக்குலர் பயாலஜி அண்ட் எவல்யூஷன்’ என்ற ஆய்விதழில் அந்த ஆண்டு வெளிவந்த ஒரு கட்டுரையின் முதல் ஆசிரியர் திமோதி ஜினாம். மலேசியரான இவர் ஜப்பானின் மிஷிமா நகரில், நருயா சைத்தோவின் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்ட மாணவராக மேற்கொண்ட பணி அது. சைத்தோ சாதாரண ஆள் அல்ல. உயிரினங்களின் உறவுமரத்தைக் கணக்கிட உலகெங்கும் பயன்படும் ‘நெய்பர் ஜாய்னிங்’ முறையை மசாதோஷி நெய்யுடன் சேர்ந்து 1987-இல் வகுத்தவர். ஜினாமுடன் கட்டுரையில் கைகோத்தவர்களில், மலேசியப் பூர்வகுடிகளின் மரபணுக்களை நெடுங்காலம் ஆராய்ந்த மாட் ஃபிப்ஸும் மலாயாப் பல்கலைக்கழக மானிடவியலாளர் ஜூலி எடோவும் இருந்தார்கள். ஜூலி எடோ செமாய் இனத்தவர். அவரே ஒரு பூர்வகுடி. பூர்வகுடிகளைப் பற்றிய மரபியல் கட்டுரையில் ஒரு பூர்வகுடி அறிஞர் ஆசிரியராக இடம்பெறுவது இன்றும் அபூர்வம் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வியைப் புரிந்துகொள்ள மலேசியப் பள்ளிப் பாடத்தை நினைத்துப் பார்த்தால் போதும். தீபகற்ப மலேசியாவின் ஒராங் அஸ்லி மக்கள் 18 இனக்குழுக்கள். அவற்றை நெகிரித்தோ, செனோய், ஆதி மலாய் என்று மூன்று கூடைகளில் ஆறு ஆறாகப் போட்டுவைத்திருக்கிறது அரசு. ஜொகூரில் வாழும் ஜாக்குன், ஒராங் கானாக், ஒராங் கோலா, ஒராங் செலத்தார் எல்லாரும் ஆதி மலாய்க் கூடையில் இருக்கிறார்கள். இந்த வகைப்பாட்டோடு ஒரு கதையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. முதலில் நெகிரித்தோக்கள் வந்தார்கள், அடுத்த அலையில் செனோய், அதற்கடுத்த அலையில் ஆதி மலாய், கடைசியில் இன்றைய மலாய் மக்கள் என்று ஒவ்வொரு மக்கள்கூட்டத்துக்கும் ஒவ்வொரு அலை.

மொழியியலும் தொல்லியலும் இந்தக் கதையின் பின்பாதிக்குப் பலம் சேர்த்தன. மலாய், ஜாவானியம், தகாலோக், ஹவாய் மொழி ஆகியவை எல்லாம் ஆஸ்திரோனீசியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பத்தின் தொட்டில் தைவான் என்றும், ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து புறப்பட்ட உழவர்கள் படகேறித் தெற்கே பரவினார்கள் என்றும் பீட்டர் பெல்வுட் போன்ற தொல்லியலாளர்கள் வாதிட்டார்கள். செலத்தார் மக்கள் பேசுவது மலாயின் ஒரு வழக்கு. அப்படியானால் அவர்களும் தைவான் வழியில் வந்தவர்கள்தானே? மொழியை வைத்து இப்படி நினைக்கத் தோன்றும். மொழி சொல்வதை உடல் ஒப்புக்கொள்கிறதா என்றுதான் ஜினாம் பார்த்தார்.

இதற்கு அவர் எடுத்த கருவி மைட்டோகாண்ட்ரியா. நம் உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் அந்த நுண்ணுறுப்புக்குத் தனியாக ஒரு டி.என்.ஏ. வளையம் இருக்கிறது. அதில் இருப்பவை 16,569 எழுத்துகள். அணுக்கருவிலுள்ள 300 கோடி எழுத்துகளோடு ஒப்பிட்டால் இது ஒரு துளி. ஆனால் இந்தத் துளி தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. தந்தையின் பங்கோடு கலைந்து அடுக்கப்படுவதில்லை. தலைமுறைகள் செல்லச் செல்ல எங்காவது ஓர் எழுத்து மாறும். மாறிய எழுத்து அந்தத் தாயின் மகள்களுக்கும் பேத்திகளுக்கும் அப்படியே போகும். எனவே, இரண்டு பேரின் வளையங்களை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு எத்தனை இடங்களில் வேறுபடுகிறார்கள் என்று எண்ணினால், அவர்களுடைய தாய்வழிகள் எப்போது பிரிந்தன என்று மதிப்பிடலாம். ஒரே மாற்றத்தைப் பகிர்ந்துகொள்ளும் வளையங்கள் சேர்ந்து ஒரு கிளை. கிளைகள் சேர்ந்து மரம்.

இந்தத் துறையே பட்ட மாணவர்களின் கையில் பிறந்தது என்பதை இங்கே நினைவுபடுத்த விரும்புகிறேன். 1987-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆலன் வில்சனிடம் பயின்ற ரெபெக்கா கேனும் மார்க் ஸ்டோன்கிங்கும் வில்சனோடு சேர்ந்து, 147 பேரின் மைட்டோகாண்ட்ரியாக்களை ஒப்பிட்டு ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். போதுமான டி.என்.ஏ.வைப் பெறப் பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் கிடைத்த நஞ்சுக்கொடித் திசுக்களைப் பயன்படுத்தினார்கள். இன்று உயிரோடிருக்கும் எல்லாருடைய தாய்வழியும் ஏறத்தாழ 2 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு பெண்ணில் போய்ச் சேர்கிறது என்றார்கள். அதற்கு எழுந்த எதிர்ப்பும் பின்னர் கிடைத்த ஏற்பும் தனிக் கதை. அந்த ஸ்டோன்கிங் 25 ஆண்டுகள் கழித்து ஜினாமின் கட்டுரையிலும் இணை ஆசிரியர்.

ஜினாம் குழு நான்கு மக்களிடமிருந்து மொத்தம் 86 முழு வளையங்களை வாசித்தது. வடக்கே காட்டில் வாழும், நெகிரித்தோ கூடையில் வைக்கப்பட்ட ஜெஹாய், தீபகற்பத்தின் தெமுவான், ஜொகூர் நீரிணையின் செலத்தார், சரவாக்கின் பிடாயு. இவர்களில் ஜெஹாய் மட்டும் ஆஸ்திரோனீசிய மொழி பேசாதவர்கள். அவர்களுடைய மொழி ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. கூடவே, 2009-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த பான்-ஆசியக் கூட்டமைப்பின் தரவுகளையும் அவர்கள் மறுபடி அலசினார்கள். ஆசியாவின் 73 மக்கள்கூட்டங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 1,900 பேரின் அணுக்கரு டி.என்.ஏ.வை, 50,000-க்கும் மேற்பட்ட இடங்களில் பார்த்த பேராய்வு அது.

கிடைத்த விடை எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்தது. செலத்தார், தெமுவான், பிடாயு ஆகிய மூன்று மக்களிடமும் தைவான் வழிக்கு அடையாளமாகச் சொல்லப்படும் தாய்க்கிளைகள் குறைவு. நிறைந்திருந்தவை, ஆசியப் பெருநிலத்தில் 30,000 முதல் 10,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றிய கிளைகள். இதை வைத்து அவர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். தைவான் உழவர்களுக்கு மிகமுன்பே, பனியுகத்தின் இறுதியை ஒட்டி, இந்தோசீனாவிலிருந்தோ தென்சீனத்திலிருந்தோ ஒரு மக்கள் நகர்வு தெற்கே வந்திருக்க வேண்டும் என்பது அது. அதற்கு ‘முந்தைய ரயில்’ என்று பெயரிட்டார்கள். பசிபிக் தீவுகளுக்கு மக்கள் விரைந்து பரவியதை ‘விரைவு ரயில்’ என்று 1988-இல் ஜேரெட் டயமண்ட் எழுதியிருந்தார். அதற்கு இது ஒரு பதில்.

இதில் என்னை ஆட்கொண்ட செய்தி ஒன்று உண்டு. 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்வாக இருந்தது. மலாய்த் தீபகற்பமும் சுமத்ராவும் ஜாவாவும் போர்னியோவும் ஒரே நிலம். ஜொகூர் நீரிணை அப்போது நீரிணையே அல்ல. பனி உருகிக் கடல் ஏறிய பின்புதான் அது உண்டானது. கடல் மக்கள் என்று பெயர் பெற்ற செலத்தார் பெண்கள் உடலில் சுமக்கும் தாய்க்கிளைகளில் பல, அவர்கள் படகோட்டும் அந்தக் கடலைவிட வயதில் மூத்தவை.

ஆனால் வயது என்ற இடத்தில்தான் மிகவும் நிதானமாக நடக்க வேண்டும். ஒரு கிளைக்கு 20,000 வயது என்றால், அந்தக் கிளை 20,000 ஆண்டுகளுக்கு முன் எங்கோ தோன்றியது என்றுதான் பொருள். இந்த ஊருக்கு அது எப்போது வந்தது என்பதை அந்த எண் சொல்லாது. நம்மையே எடுத்துக்கொள்வோம். ஜொகூரின் ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியே தமிழ்க் குடும்பங்கள் பெருமளவில் வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில். அந்தக் குடும்பங்களின் பெண்களில் பலர் எம்2 போன்ற தாய்க்கிளைகளைச் சுமந்து வந்திருப்பார்கள். எம்2 இந்தியாவின் மிகப் பழைய கிளைகளில் ஒன்று. பல பத்தாயிரம் ஆண்டுகள் வயதுடையது. வருங்காலத்தில் வரலாறு எதுவும் அறியாத ஓர் ஆய்வாளர் சிகாமட்டிலோ குளுவாங்கிலோ அந்தக் கிளையைக் கண்டு, அதன் வயதைக் கணக்கிட்டு, தமிழர்கள் ஜொகூருக்கு வந்து பல பத்தாயிரம் ஆண்டுகள் ஆகின்றன என்று எழுதினால் நாம் என்ன சொல்வோம்? கிளையின் வயதும் வருகையின் வயதும் வேறு வேறு. முதலாவது இரண்டாவதற்கு ஒரு மேல் வரம்பைத் தருகிறது. அதற்கு மேல் எதையும் தருவதில்லை.

வருகையின் காலத்தை நெருங்க வேண்டுமானால், ஒரு கிளை இங்கு வந்த பிறகு இங்கேயே விட்ட சிறுகிளைகளைப் பார்க்க வேண்டும். அதைவிடச் சிறந்த வழி, இறந்தவர்களிடமே கேட்பது. அந்த வழி 2018-இல் திறந்தது. ஹ்யூ மெக்கோல் முதல் ஆசிரியராக அமைந்த குழு ஒன்று, 25 தென்கிழக்காசியர்கள், ஜப்பானின் ஜோமோன் காலத்தவர் ஒருவர் என 26 பழங்கால மனிதர்களின் மரபணுத்தொகைகளை ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டது. வெப்பமும் ஈரமும் டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும் இந்த மண்டலத்தில் அது பெரிய சாதனை. அவற்றில் கிளந்தானின் குவா சா குகையில் அடக்கம் செய்யப்பட்ட, 4,000 ஆண்டுகளுக்கு மேல் பழைமையான மனிதரின் மரபணுத்தொகையும் ஒன்று. கற்கருவிகளோடு வேட்டையாடி வாழ்ந்த ஹோவாபினியப் பண்பாட்டைச் சேர்ந்தவர். அவரும் லாவோஸின் பா ஃபேன் குகையில் கிடைத்த, ஏறத்தாழ 8,000 ஆண்டுப் பழைமையான மனிதரும் இன்றைய ஜெஹாய் மக்களுக்கும் அந்தமானின் ஓங்கே மக்களுக்கும் நெருக்கமானவர்களாக இருந்தார்கள். ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் வடக்கிலிருந்து நெல் உழவர்கள் வந்து கலந்த தடமும் தெரிந்தது. இன்றைய தென்கிழக்காசியரை விளக்கக் குறைந்தது நான்கு பழங்கால மக்கள்கூட்டங்கள் தேவை என்று அந்தக் குழு முடிவுக்கு வந்தது. முதலில் வந்தவர் ஒருவர், பின்னால் வந்தவர் ஒருவர் என்று எழுதப்பட்டிருந்த இரட்டை அடுக்குக் கதை அத்தோடு தளர்ந்தது.

இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2014-இல், மார்க் லிப்சனும் உடன் ஆய்வாளர்களும் இன்னொரு முடிச்சைக் காட்டியிருந்தார்கள். மேற்கு இந்தோனேசியாவில் ஆஸ்திரோனீசிய மொழி பேசுகிறவர்களின் உடலில், பெருநிலத்து ஆஸ்திரோ-ஆசிய மக்களோடு உறவுடைய ஒரு பங்கு கணிசமாக இருக்கிறது. அப்படியானால் செலத்தார், தெமுவான் பெண்களிடம் காணும் பெருநிலத் தாய்க்கிளைகளுக்கு விளக்கம் இரண்டு. பனியுக முடிவில் வந்த ஒரு தொன்மையான நகர்வு அவற்றைக் கொண்டுவந்திருக்கலாம். அல்லது 4,000 ஆண்டுகளுக்கு முன் வந்த உழவர்களின் குடும்பங்களில், அதே பழைய கிளைகளைச் சுமந்த பெண்கள் இருந்திருக்கலாம். இரண்டும் நடந்திருக்கலாம் என்பது என் எண்ணம். முந்தைய ரயில் என்ற கருத்தை நான் கைவிடமாட்டேன். ஆனால் அதன் புறப்பாட்டு நேரத்தை 30,000 என்றோ 10,000 என்றோ மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் வைத்து எழுத முடியாது. ஜினாம் குழுவும் தங்கள் கருத்து ஆஸ்திரோனீசியப் பரவலை மறுக்கத் தேவையில்லை என்று அளவோடுதான் எழுதியிருந்தது.

எதில் தயக்கம் தேவையில்லை என்றால், மொழியும் தாய்வழியும் ஒன்றாகப் பயணம் செய்ய வேண்டியதில்லை என்பதில். செலத்தார் மக்கள் ஆஸ்திரோனீசிய மொழி பேசுகிறார்கள். அவர்களுடைய தாய்மாரில் பெரும்பகுதியினர் அந்த மொழி வருமுன்னே ஆசியப் பெருநிலத்தில் வாழ்ந்த பெண்களின் வழித்தோன்றல்கள். வந்தவர்கள் எண்ணிக்கையில் சிறுபான்மையாக இருந்தும் மொழியைத் தந்துவிட்டுப் போயிருக்கலாம். வணிகமும் மணஉறவும் மொழியை மாற்றியிருக்கலாம். மூன்று கூடை வகைப்பாடு இந்த இடத்தில்தான் நொறுங்குகிறது. ஒரு மொழிக்கு ஒரு மக்கள், ஒரு மக்களுக்கு ஓர் அலை என்ற சமன்பாட்டின் மேல்தான் அது நின்றது.

அந்தச் சமன்பாட்டின் இன்னொரு விளைவு, வடக்கத்திய நெகிரித்தோ மக்களை ‘வாழும் தொல்லெச்சம்’ என்று பேசும் பழக்கம். 2005 மே மாதம் ‘சயின்ஸ்’ இதழின் ஒரே வெளியீட்டில், இப்படிப்பட்ட மக்களின் தொன்மையைப் பற்றி இரண்டு முக்கியமான கட்டுரைகள் வந்தன. ஒன்றில் வின்சென்ட் மெக்காலேயும் உடன் ஆய்வாளர்களும் ஒராங் அஸ்லி மக்களின் தாய்க்கிளைகளை வைத்து, ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட ஒரே நகர்வு இந்தியக் கரையோரமாக வந்து, ஏறத்தாழ 65,000 ஆண்டுகளுக்கு முன் சில ஆயிரம் ஆண்டுகளுக்குள்ளேயே ஆஸ்திரேலியா வரை பரவியது என்று வாதிட்டார்கள். மற்றொன்று, ஹைதராபாத் சி.சி.எம்.பி. நிறுவனத்தின் குமாரசாமி தங்கராஜ் முதல் ஆசிரியராக எழுதியது. அந்தமானியரின் தாய்க்கிளைகள் எவ்வளவு பழையவை, எவ்வளவு தனித்து நின்றவை என்று காட்டியது. வங்காள விரிகுடாவின் இரு கரைகளையும் ஒரே பாதையில் கோத்த கட்டுரைகள் இவை. 65,000 என்ற எண் பின்னாளில் விவாதத்துக்கு உள்ளானது. பாதையின் கருத்து நிலைத்தது.

இவற்றிலிருந்து ஜெஹாய் மக்கள் ‘காலத்தில் உறைந்தவர்கள்’ என்று முடிவு கட்டினால் அது அறிவியலுக்கும் புறம்பு, மரியாதைக்கும் புறம்பு. அவர்களுக்கும் நமக்கும் ஆப்பிரிக்காவிலிருந்து கடந்துவந்த காலம் சரிசமம். அந்தக் காலமெல்லாம் அவர்களுடைய உடலும் மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. கோலாலம்பூரில் பணியாற்றிய லீ-இஞ்சோ லுவான் எங் என்ற மருத்துவ அறிஞர் 1965-இல் ‘நேச்சர்’ இதழில், மலாயாப் பூர்வகுடிகளிடம் சிவப்பணுக்கள் நீள்வட்ட வடிவில் இருப்பதை விவரித்தார். இன்று அதற்குத் தென்கிழக்காசிய ஓவலோசைட்டோசிஸ் என்று பெயர். சிவப்பணுவின் சவ்வில் உள்ள பேண்ட் 3 என்ற புரதத்துக்கான மரபணுவில் 27 எழுத்துகள் விடுபட்டதால் வருவது. இந்த விடுபாட்டின் ஒரு பிரதி இருந்தால் மூளையைத் தாக்கும் கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பு. பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால் கரு பொதுவாக உயிர் பிழைப்பதில்லை. மலேரியா மண்டிய காட்டில் இயற்கைத் தேர்வு எவ்வளவு கொடுமையான விலையைக் கேட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று குறைவு. பரிணாமம் எங்கோ ஆதிகாலத்தில் நடந்து முடிந்த சங்கதி என்று நினைப்பவர்கள் இந்த ஒரு மரபணுவைப் படித்தால் போதும்.

தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு நெருக்கமான உதாரணம் மதுரையில் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ராமசாமி பிச்சப்பன், ஸ்பென்சர் வெல்ஸுடன் இணைந்து தமிழ்நாட்டு ஆண்களின் ஒய் குரோமோசோம்களை ஆராய்ந்தபோது, எம்130 என்ற பழைய அடையாளத்தை மதுரைப் பகுதியில் கண்டார்கள். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளிடமும் அந்த அடையாளத்தின் வழித்தடம் உண்டு. கரையோரப் பாதைக்கு அது நல்ல சான்று. ஆனால் செய்தித்தாள்களில் அது ‘இந்தியாவின் முதல் மனிதரின் வாரிசு’ என்று உருமாறியது. ஒய் குரோமோசோம் தந்தையின் தந்தையின் தந்தை என்ற ஒரே நூலைத்தான் பின்தொடரும். பத்துத் தலைமுறை மேலே போனால் ஒவ்வொருவருக்கும் 1,024 முன்னோர் இடங்கள் உண்டு; அதில் ஒய் சொல்வது ஒருவரை, மைட்டோகாண்ட்ரியா சொல்வது ஒருத்தியை. மீதி 1,022 பேரைப் பற்றி இரண்டுமே மௌனம். ஒரு சாதியோ ஓர் இனமோ அந்த ஒற்றை நூலைப் பிடித்துக்கொண்டு ஆதிகுடி என்று மார்தட்டுவதற்கு அறிவியலில் இடமில்லை. பிச்சப்பன் குழுவே 2012-இல் தமிழ்நாட்டின் 31 சமூகங்களைச் சேர்ந்த 1,680 ஆண்களை ஆராய்ந்து, இங்குள்ள தந்தைவழி வேறுபாடுகள் சாதி அமைப்புக்கு முந்தையவை, வேளாண் பரவலோடு தொடர்புடையவை என்று எழுதியது. அந்தக் கட்டுரை முந்தைய பரபரப்பில் நூற்றில் ஒரு பங்குகூடப் பெறவில்லை என்பது வருத்தம்.

யார் முதலில் வந்தவர் என்ற கேள்வி மலேசியாவில் வெறும் ஆய்வுக் கேள்வி அல்ல. அதனால் சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்க்க வேண்டும். 1954-ஆம் ஆண்டின் பூர்வகுடிகள் சட்டம் ஒருவரைப் பூர்வகுடியாக ஏற்கத் தந்தைவழியைப் பார்க்கிறது. பூர்வகுடி மொழி பேசுவதையும் அந்த வாழ்க்கை முறையைப் பின்பற்றுவதையும் கேட்கிறது. தாய் மட்டும் பூர்வகுடி என்றால், பிள்ளை அந்த வாழ்க்கை முறையில் நின்று அந்தச் சமூகத்திலேயே இருக்க வேண்டும். ஆய்வாளர்கள் தாய்வழியைப் படிக்க, சட்டம் தந்தைவழியைக் கேட்கிறது. மலாய்க்காரர் யார் என்று வரையறுக்கும் அரசியலமைப்பின் 160-ஆம் பிரிவோ இஸ்லாம், மலாய் மொழி, மலாய் வழக்கம் என்று பண்பாட்டை வைத்தே பேசுகிறது, குருதியைச் சோதிக்கவில்லை. அது நல்லதே. 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மலாய் மக்களின் மரபணுத்தொகையில் ஆஸ்திரோனீசிய, ஆதி மலாய், கிழக்காசிய, தென்னாசியக் கூறுகள் நான்கையும் கண்டது. குருதியை வைத்து வேலி போடப் புறப்பட்டால் எந்த வேலியும் நிற்காது.

ஜொகூரின் நீதிமன்றங்கள் பூர்வகுடிகளின் நில உரிமையை எதை வைத்து ஏற்றன என்பது இங்கே முக்கியம். லிங்கியூ அணைக்காகக் காட்டை இழந்த ஜாக்குன் மக்கள் தொடுத்த அடோங் வழக்கு, 1997-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் பதிவானது. சிங்கப்பூருக்கும் தண்ணீர் தரும் அணை அது. ஜொகூர் பாரு உயர் நீதிமன்றம் அவர்களுக்கு 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட் இழப்பீடு வழங்கியது. 2017-இல் அதே உயர் நீதிமன்றம், சுங்கை தெமோன், பாகார் பத்து ஆகிய ஊர்களின் செலத்தார் மக்களுக்குத் தங்கள் நிலத்தில் மரபுரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. இப்படிப்பட்ட வழக்குகளில் எடைபோடப்படுவது தலைமுறை தலைமுறையாக அந்த இடத்தை விடாமல் பயன்படுத்தி வந்த உறவு. கல்லறைகள், மீன்பிடி இடங்கள், முதியோர் சொல்லும் வரலாறு. எந்த மைட்டோகாண்ட்ரியாவும் அதற்குத் தேவையில்லை. இது இப்படியே இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இன்று ‘இவர்கள் 20,000 ஆண்டுகளாக இங்கே இருக்கிறார்கள்’ என்று மரபணுவை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால், நாளை வேறொருவர் வேறோர் ஆய்வோடு வந்து ‘இல்லை, 4,000 ஆண்டுகள்தான்’ என்பார். ஒரு கிராமத்தின் நிலம் ஆய்விதழ்களின் விவாதத்தில் ஊசலாடக் கூடாது.

ஆய்வு மாணவருக்கு இதில் ஒரு கடமை இருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவசுப்பாய் பழங்குடியினர் நீரிழிவு ஆய்வுக்கென்று நம்பி 1990-களில் குருதி தந்தார்கள். அந்த மாதிரிகள் மனநோய், உட்குடி மணம், இடப்பெயர்வு பற்றிய ஆய்வுகளுக்கும் போயின. தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது அம்மக்களின் நம்பிக்கை. தங்கள் குருதியை வைத்தே அதை மறுத்து எழுதியது அவர்களை ஆழமாகப் புண்படுத்தியது. வழக்கு 2010-இல் 7 லட்சம் டாலர் இழப்பீட்டோடும், மாதிரிகளைத் திருப்பித் தருவதோடும் முடிந்தது. அந்த மாதிரிகளைச் சிலர் கண்ணீரோடு வாங்கிச் சென்றார்கள். ஓர் ஊரே ‘இதற்கு நாங்கள் சம்மதிக்கவில்லை’ என்று எழுந்து நின்ற அந்த நிகழ்வு இன்றைய மரபியல் மாணவர் எவருக்கும் பாடத்திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும்.

மலேசியாவில் பூர்வகுடிகளிடம் மாதிரி சேகரிக்கப் பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் ஒப்புதல் மட்டும் போதாது. பூர்வகுடி மேம்பாட்டுத் துறையான ஜக்கோவாவின் அனுமதியும் வேண்டும். ஜினாமின் இணை ஆசிரியரான ஜூலி எடோ பின்னாளில் அந்தத் துறைக்கே தலைமை இயக்குநர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் ஒராங் அஸ்லி அவர். ஆனால் அலுவலக முத்திரை வேறு, ஊர்ச் சம்மதம் வேறு. கிராமத் தலைவரான பாத்தினோடு உட்கார்ந்து பேசாமல், எதற்காக இந்தக் குருதி, எங்கே வைக்கப்படும், எத்தனை ஆண்டுக்கு, புதிய கேள்விக்குப் பயன்படுத்தினால் மறுபடி வந்து கேட்பீர்களா என்ற கேள்விகளுக்கு அவர்கள் மொழியில் பதில் சொல்லாமல், ஊசியை எடுக்கக் கூடாது. முடிவுகளையும் அந்த ஊருக்கே முதலில் கொண்டுபோக வேண்டும்.

செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. சுண்ணாம்புக் குகைகள் நிறைந்த கிளந்தானிலும் பேராக்கிலும் எலும்புகள் தப்பிப் பிழைக்கின்றன. லெங்கோங் பள்ளத்தாக்கின் பேராக் மனிதர் 10,000 ஆண்டுகளைத் தாண்டி அங்கே கிடந்தார். ஜொகூரின் அமில மண் அவ்வளவு இரக்கம் காட்டுவதில்லை. ஆகவே தெற்கின் வரலாற்றை உயிரோடிருப்பவர்களின் முழு மரபணுத்தொகைகளிலிருந்துதான் பெரும்பாலும் படிக்க வேண்டியிருக்கும். ஜாக்குன், கானாக், கோலா, செலத்தார் ஆகிய நான்கு மக்களின் தாய்வழி, தந்தைவழி, அணுக்கரு மூன்றையும் ஒன்றாக வைத்துப் படிக்கும் ஆய்வு ஒன்று, முந்தைய ரயில் எப்போது புறப்பட்டது என்ற கேள்வியை இன்னும் நெருங்கும். ஒராங் கானாக் மிகச் சிறிய ஒரு சமூகம். அவர்களிடம் போகும் மாணவர் எவரும், கட்டுரையில் எந்தப் பெயரும் இல்லாவிட்டாலும் ஒவ்வொருவரையும் அடையாளம் கண்டுவிடலாம் என்பதை முதலிலேயே அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்ட பிறகு அவர்கள் வேண்டாம் என்றால் அந்த ஆய்வு அங்கே நடக்கக் கூடாது.